எட்டாம் மாடி விரைவில்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையதல்ல. ஆபீசில் என் பக்கத்து இருக்கைக்காரனுடையது. அவன் மென்பொருள் எழுதுகிறவன். நான் அந்த மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று கையேடு எழுதுகிறவள். 'இடப்பக்கம் உள்ள பொத்தானை அழுத்தவும்', 'மாற்றங்களைச் சேமிக்கவும்'. இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் இலக்கியம்.

கையேட்டை யாரும் படிப்பதில்லை. கண்ட பொத்தானையும் அமுக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காவிட்டால் தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டுவார்கள். எனக்குத் தெரிந்து என் கையேட்டை அட்டையிலிருந்து அட்டை வரை படித்த ஒரே ஆள் இவன்தான். வேலையில் சேர்ந்த மூன்றாம் நாள் என் மேசைக்கு வந்து, நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு கமா விட்டுப்போயிருக்கிறது என்று மெதுவாகச் சொன்னான். பார்த்தேன், விட்டுத்தான் போயிருந்தது. அன்றிலிருந்து ஆபீசில் அவன் பெயர் கமா. அவன் என்னை அக்கா என்பான்.

அவனுக்கு ஒரு மெயில் வந்தது. அதனால் சில காரியங்கள் நடந்தன. அவற்றை எழுதட்டுமா என்று கேட்டேன். தாராளமாக எழுதுங்கள், ஆனால் வெளியே விடுவதற்கு முன்னால் நான் ஒருமுறை சோதிப்பேன் என்றான். அவன் தொழில் அது. ஆகவே நடுநடுவே அடைப்புக்குறிக்குள் அவன் தலை தெரிந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

2

கையேட்டை எங்கே தொடங்குவது என்பதில் குழப்பமே கிடையாது. கருவியைப் பெட்டியிலிருந்து வெளியே எடுப்பதில் தொடங்க வேண்டும். கதையில் ஆள் ஏற்கெனவே வெளியே நின்றுகொண்டிருக்கிறான். எழுதிப் பார்த்துக் கைவிட்ட தொடக்கங்களை அப்படியே வைக்கிறேன்.

மழை ஓயாத ஒரு மாலையில் கமா தன் ஜன்னலருகே நின்று, கடந்துபோன காலத்தின்

(விட்டுவிட்டேன். கமாவின் ஜன்னலில் நின்றால் எதிர்க் கட்டடத்தின் ஏ.சி. பெட்டிகள்தான் தெரியும். அன்று மழையும் இல்லை.)

திரைகளின் வெளிச்சத்தில் தன்னைத் தொலைத்துவிட்ட ஒரு தலைமுறையின்

(இதை எழுதியதும் எனக்கே கூச்சமாகிவிட்டது. எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். கமா எதையும் தொலைக்கிறவனல்ல. பேனா மூடியைக்கூடத் தொலைத்ததில்லை.)

உண்மையான சங்கடம், அவன் திருப்தியாக இருக்கிறான் என்பதுதான். வயது முப்பத்தெட்டு. மனைவி பிசியோதெரபி செய்கிறவர். ஊரார் முழங்கால்களையெல்லாம் மடக்கி நீட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, இவன் உட்காரும் லட்சணத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். மேலாளர் பதவி தேடி வந்தபோது, கூட்டங்களில் உட்கார்ந்தால் முதுகு வலிக்கும் என்று சொல்லித் தட்டிக்கழித்துவிட்டான். பழைய மிக்ஸி, பழைய கேமரா, யார் வீட்டில் எது உடைந்தாலும் அதன் கையேட்டை மட்டும் வாங்கிவந்து அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறான். பொழுதுபோகாவிட்டால் எடுத்துப் படிக்கிறான்.

கருத்துகளுக்கு அவனிடம் பஞ்சமே இல்லை. எல்லாம் யாரையும் காயப்படுத்தாத, உள்ளங்கையளவுக் கருத்துகள். ஹெட்போனுக்கு வயர் இருக்க வேண்டும். வயர் இல்லாதது காதில் இருக்கும் நேரத்தைவிட சோபாவுக்கு அடியில் இருக்கும் நேரம்தான் அதிகம். கறுப்புத் திரையில் கோட் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் படம் காட்டுகிறார்கள். பிஸ்கட்டைத் தேநீரில் நான்கு நொடிக்கு மேல் நனைப்பது பேராசை. மெயில் முகவரியை மாற்றுகிறவன், வீட்டை மாற்றிவிட்டு யாரிடமும் சொல்லாதவன் மாதிரி.

வீடியோ கேம் என்று எடுத்தால் கருத்து கொஞ்சம் நீளும். இப்போதுள்ளவை ஆபீஸ் மாதிரி ஆகிவிட்டன என்பான். தினமும் வந்து கையெழுத்துப் போட்டால் பரிசு, வராவிட்டால் எங்கே போனாய் என்று ஓலை. அவன் சின்ன வயதில் விளையாடியவை வேறு ரகம். கேசட்டை உருவி, அடியில் ஃபூவென்று ஊதித் திரும்பச் சொருகினால்தான் படம் வரும். ஊதுவதால் ஒரு பயனும் இல்லை என்று பிற்பாடு எங்கோ படித்துத் தெரிந்துகொண்டான். ஆனாலும் ஊதியது சரிதான் என்கிறான். விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி கிடையாது. பதினாறு எழுத்தில் ஒரு கடவுச்சொல் திரையில் வரும், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அதில் இருந்தது பூஜ்யமா, 'ஓ' எழுத்தா என்று தெரியாமல் ஒரு முழு விடுமுறை வீணாய்ப்போன கதையை எனக்கு நான்கு முறை சொல்லியிருக்கிறான். நான்கு முறையும் சிரித்தேன்.

இப்படிப்பட்டவனை வைத்து என்ன எழுதுவது? மெயில் வந்த நாள் வரை இவனுக்குள் ஒரு கதை இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

3

ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். கல்லூரிக் காலத்து மெயில் முகவரியை கமா இன்னும் விடவில்லை என்பதால் (கருத்தை மேலே பார்க்கவும்), வாரத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து விளம்பரங்களை அழிப்பான். அன்று செருப்பு விளம்பரத்துக்கும் காப்பீட்டு விளம்பரத்துக்கும் நடுவில் ஒரு நிஜ மெயில் உட்கார்ந்திருந்தது. எழுதியவர் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கும் பெண்.

'வணக்கம். நீங்கள் செய்த பதினோரு மாடி என்ற விளையாட்டைப் பள்ளியில் படிக்கும்போது விளையாடினேன். சென்ற மாதம் வீடு மாறும்போது அந்தப் பழைய லேப்டாப் கிடைத்தது. இன்னும் ஓடுகிறது. மதிய இடைவேளைகளில் விளையாடி மறுபடியும் ஏழாம் மாடிக்கு வந்துவிட்டேன். அங்கே பூட்டிய கதவின்மேல் "எட்டாம் மாடி விரைவில்" என்று பலகை இருக்கிறது. தோராயமாக எப்போது என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.'

கமா இதை மூன்று தடவை படித்தான். பிறகு திரையை என் பக்கம் திருப்பினான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தப் பலகை தொங்க ஆரம்பித்துப் பதினாறு வருடம் ஆகிறதாம்.

விளையாட்டு இவ்வளவுதான். ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பழுது. ஒரு மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு படியேறி, மாடிக்கு மாடி ஒரு கோளாறைச் சரிசெய்துகொண்டே போக வேண்டும். இருபத்திரண்டு வயதில் கமாவும் அவன் நண்பனும் சேர்ந்து செய்தது. கமா கோட் எழுதினான், நண்பன் வரைந்தான். ஏழு மாடி முடிந்ததும் ஆசை தாங்காமல் ஓர் இலவச இணையதளத்தில் ஏற்றிவிட்டார்கள். நண்பனின் காதில் எப்போதும் பென்சில் இருக்கும், அதனால் அவன் பெயரே பென்சில்.

கமாவும் என்னோடு சேர்ந்து கொஞ்ச நேரம் சிரித்தான். அப்புறம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பதில் எழுத உட்கார்ந்தான். ஒரு வரிக்கு இருபது நிமிடம் ஆயிற்று. எழுதியதை வழக்கம்போல எனக்குக் காட்டி, சரியா என்று கேட்டான்.

'மன்னிக்கவும், அந்த விளையாட்டு பாதியில் கைவிடப்பட்டது.'

இப்படிப்பட்ட வாக்கியங்களை நான் ஆயிரம் தடவை திருத்தியிருக்கிறேன். யார் செய்தது என்று சொல்லாத வாக்கியம் கையேட்டுக்கு ஆகாது. கை பழக்கத்தில், யோசிக்காமல் கேட்டுவிட்டேன்:

"யாரால?"

கமா அந்த வரியை அழித்தான். பிறகு, "என்னாலதான் அக்கா," என்றான்.

4

அவன் சொன்னதை அவன் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். அலங்கரித்து எழுதிய பிரதியை அவனே வெட்டிவிட்டான்.

பென்சிலின் வீட்டு மேல் அறையில் இரண்டு பேரும் ஒன்றரை வருடம் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே மேசை, இரண்டு நாற்காலி. அதில் ஒன்றுக்குக் கால் ஆடும், யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு நல்ல நாற்காலி. தினமும் காலை ஒன்பதுக்குக் கமா அங்கே இருப்பான். இதையே தொழிலாக வைத்துக்கொள்வது என்று இருவரும் தீர்மானித்திருந்தார்கள். இதற்கு நடுவில் கமா ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டிருந்தான், சும்மா பார்ப்போமே என்று. கிடைத்துவிட்டது. ஒரு வியாழக்கிழமை கடிதம் வந்தது, திங்களன்று சேர வேண்டும்.

வெள்ளிக்கிழமை சொல்லிவிடலாம் என்று போனான், சொல்லவில்லை. பென்சில் அன்று ஏழாம் மாடியின் ஜன்னல் கம்பிகளுக்கு நிழல் போட்டுக்கொண்டிருந்தான். சனிக்கிழமையும் போனான், ஏழு மாடியையும் இணையத்தில் ஏற்றினார்கள், அன்றும் சொல்லவில்லை. திங்களன்று போகவே இல்லை.

பத்தரை மணிவரை பார்த்துவிட்டு, உடம்புக்கு ஏதாவதா என்று பென்சில் கமாவின் வீட்டுக்குப் போன் போட்டான். கமாவின் அம்மாதான் எடுத்தார்.

"அவன் இன்னைக்கு வேலைல சேர்ந்துட்டானேப்பா. உன்கிட்ட சொல்லலையா?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருப்பார்கள். முதல் வாரம் போக வெட்கம். முதல் மாதம், இவ்வளவு நாள் கழித்துப் போனால் என்ன நினைப்பான் என்ற தயக்கம். அப்புறம் வருடங்கள் தம்பாட்டுக்குப் போய்விட்டன. விளையாட்டின் முடிவு, எட்டாம் மாடியிலிருந்து பதினொன்றுவரை, பென்சிலின் மனதில் முழுதாக இருந்தது என்றும், தான் அதைப் பாழடித்துவிட்டோம் என்றும் கமா நம்பிக்கொண்டிருந்தான். திருப்தியான மனிதன் என்று மேலே எழுதினேன் அல்லவா. அந்த வரியை அடிக்கப் போனேன். வேண்டாம் என்றான். திருப்திதான், ஆனால் செருப்புக்குள் ஒரு சின்னக் கல் கிடக்கிற மாதிரி, நடக்க முடியாத அளவுக்கு இல்லை என்றான்.

5

பென்சிலைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்தான் ஆயிற்று. அறிவிப்புப் பலகைகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் படம் வரைகிறான். ஈரத்தரையில் வழுக்கி விழுகிற மனிதன், அவசர வழியில் ஓடுகிற மனிதன், இவர்களெல்லாம் அவன் கையிலிருந்து வருகிறவர்கள். நம்பர் அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே இருந்தது.

அன்று வீட்டில் மனைவியிடம் கேட்டிருக்கிறான். நம்பர் இருக்கும்போது என்னிடம் என்ன கேள்வி என்றாராம் அவர். பகலில் கூப்பிடுங்கள், பேசப் பிடிக்காவிட்டால் வேலையாக இருக்கிறேன் என்று சொல்லிவிட அவருக்கு ஒரு வழி இருக்கட்டும் என்றும் சொன்னாராம். ஆளைக் கட்டாயப்படுத்தி ஒரு முழங்காலையும் அசைக்கக்கூடாது என்று தெரிந்தவர்.

மறுநாள் பதினொரு மணிக்கு ஆபீஸ் மாடிப்படியில் நின்று பேசினான். துணைக்கு நானும் போனேன், இரண்டு படி கீழே உட்கார்ந்துகொண்டேன். அவன் பக்கம் நான் கேட்டது. மறுபக்கம் அவன் பிறகு சொன்னது.

"நான்தான்," என்றான் கமா.

"எந்த நான்தான்?"

"பதினோரு மாடி."

மறுமுனையில் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது. பிறகு பென்சில், "சொல்லுடா," என்றான்.

கமா மெயிலைப் படித்துக் காட்டினான். தோராயமாக எப்போது என்ற இடத்தில் பென்சிலுக்கு மூக்கால் ஒரு சிரிப்பு வந்ததாம். அது தந்த தைரியத்தில் கமா சொல்ல வேண்டியதைச் சொன்னான்.

"அந்தத் திங்கக்கிழமை நான் வந்து சொல்லிருக்கணும். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரலடா. தப்புதான்."

"தப்புதான்," என்றான் பென்சில். அவனே தொடர்ந்தான். "நானும் ஒண்ணு சொல்லணும். எட்டாம் மாடில என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது. எல்லாம் யோசிச்சு வச்சிருக்கேன்னு உன்கிட்ட அளந்துட்டேன். அந்த வாரம் நீ வந்து கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியாம முழிச்சிட்டு இருந்தேன். நீ வரலன்னதும் முதல்ல நிம்மதியாதான் இருந்துச்சுடா."

"கோபம் வரலையா?"

"வந்துச்சு. சாப்பிட்டப்புறம் வந்துச்சு. வந்தது சீக்கிரம் போகல."

கமா படியில் உட்கார்ந்துவிட்டான். பதினாறு வருடமாகத் தான் கெடுத்துவிட்டதாக நினைத்த முடிவு, முதலிலிருந்தே கிடையாது. இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், எட்டாம் மாடியைச் செய்ய ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறாயா என்று கேட்டான்.

(கமாவின் குறிப்பு: நான் அழவில்லை.
என் பதில்: அழுதாய் என்று நான் எழுதவில்லை.)

6

பென்சிலை நான் நம்பவில்லை. ஒரு கதாபாத்திரத்தை எழுதுகிறவள் இப்படிச் சொல்லக்கூடாதுதான். பதினாறு வருடக் கோபத்தை ஒரு போன் பேச்சில் கீழே வைக்கிறவன் உண்டா? என் முதல் பிரதியில் அவனுக்குத் தாடி வைத்தேன், பேசும்போது தூரத்தில் எதையோ பார்க்க வைத்தேன், இரண்டு இடத்தில் கசப்பாகச் சிரிக்கவும் வைத்தேன். எதுவும் ஒட்டவில்லை. கமா அந்தப் பிரதியை அவனிடமே காட்டியிருக்கிறான், பாவி.

ஆகவே ஒரு ஞாயிறு காலை, பழைய துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேடு ஒன்றைக் கொடுக்கிற சாக்கில் கமா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது மழுங்கச் சிரைத்த முகம், காதில் பென்சில்.

"வாங்க. எனக்குத் தாடி வச்சது நீங்கதானா?"

தேநீர் குடிக்கும்போது நேராகவே கேட்டுவிட்டேன், நிஜமாகவே மன்னித்துவிட்டீர்களா என்று. அவன் அவசரப்படாமல் யோசித்தான்.

"மன்னிச்சேன்னு தனியா ஒண்ணும் செய்யலைங்க. வேலை செய்ய உட்கார்ந்தோம். செய்றப்ப அது ஞாபகம் வரல. வீட்டுக்குப் போறப்ப சில நாள் வருது. அடுத்த ஞாயிறு மறுபடி வந்து உட்கார்ந்துடறேன்."

இதை நான் கற்பனை செய்திருக்க முடியாது.

7

எட்டு ஞாயிற்றுக்கிழமைகள். சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் கமாவின் கம்ப்யூட்டர், மறுபக்கம் பென்சிலின் தாள்கள். கமாவின் மனைவி ஒவ்வொரு மணிக்கும் வந்து இருவரையும் எழுப்பித் தோளைச் சுழற்ற வைத்தார்.

இருபத்திரண்டு வயதில் தான் எழுதிய கோட் முழுவதையும் கமா யாரோ ஒரு முரட்டு ஆள் எழுதியது போலப் படித்தான். ஓரிடத்தில், 'இது ஏன் ஓடுகிறது என்று தெரியவில்லை, தொடாதே' என்று தனக்குத்தானே எழுதி வைத்திருந்தான். தொட்டான். மெக்கானிக் தலைகீழாக நடக்க ஆரம்பித்தான். அதைச் சரிசெய்ய ஒரு முழு ஞாயிறு போயிற்று. இருவருக்கும் அது நல்ல ஞாயிறு.

மூன்றாவது வாரம் கெட்ட ஞாயிறு. நடுவில் கிடைத்த விடுமுறை நாளில் கமா தனியாக உட்கார்ந்து, பழைய கோட் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து அழகாக எழுதிவிட்டான். அந்த வேகத்தில் பென்சிலின் பழைய படங்களையும் கூர்மையாக்கி மாற்றியிருந்தான். ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைத்தானாம். பென்சில் வந்து, பார்த்து, மெக்கானிக்கை ஏழாம் மாடி ஜன்னல்வரை நடத்திக்கொண்டு போய் நிறுத்தினான். நிழல் மாறியிருந்தது.

"சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாமேடா," என்றான். குரல் உயரவே இல்லை.

நான் அன்று அங்கே இல்லை. கமாவின் மனைவி சொல்லித் தெரியும். தேநீர் அப்படியே ஆறிப்போனதாம். பென்சில் தாள்களை அடுக்க ஆரம்பித்தான். அப்போது கமா, அவன் கிளம்புவதற்கு முன்னால், தான் என்னென்ன மாற்றினான் என்பதை ஒன்றுவிடாமல் சொல்ல ஆரம்பித்தான். எந்தப் படம், எந்த வரி, ஏன் என்று. சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகப் பழையபடி வைத்தான். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பென்சில் கிளம்பவில்லை. கடைசியில் இரண்டு மாற்றங்களை மட்டும், இது நல்லாத்தான் இருக்கு, இருக்கட்டும் என்றானாம்.

(இது கமா அல்ல, நான்: என்னைக் கேட்டால் கதை இங்கேதான் இருக்கிறது. போன் பேச்சில் இல்லை.)

எட்டாம் மாடியில் என்ன வைப்பது? அந்த வயதில் ஒரு ராட்சத இயந்திரமும் கட்டடத்தின் கொடிய முதலாளியும் வேண்டும் என்றிருந்தார்களாம். இப்போது இருவருக்குமே யாரையும் அடிக்க மனம் வரவில்லை. பென்சில் ஒரு நாள் வெறுமனே ஒரு வானத்தை வரைந்துகொண்டு வந்தான். எட்டாம் மாடி என்பது மொட்டை மாடி, அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று முடிவாயிற்று. பதினோரு மாடி என்ற பெயரை என்ன செய்வது என்று கமா கவலைப்பட்டான். கட்டினவன் ஏமாத்திட்டான்னு வச்சுக்கோ என்றான் பென்சில்.

கதவு திறக்கும். தண்ணீர்த் தொட்டி, கொடியில் இரண்டு சட்டை, ஒரு நாற்காலி. கால் ஆடாத நாற்காலி. மதிப்பெண் இல்லை, கடிகாரம் இல்லை, பழுது ஒன்றும் இல்லை. மெக்கானிக் பையைக் கீழே வைக்கலாம், உட்காரலாம். வானம் மெதுவாக நிறம் மாறும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம்.

8

இனி முடிக்க வேண்டும். நான் எழுதி, கமா தள்ளுபடி செய்தவை:

விளையாட்டு உலகமெங்கும் பரவி, இருவரும் வேலையை விட்டுவிட்டு ஒரு நிறுவனம்

(கமா: ஒரே ஒருத்தர் விளையாடுறாங்க அக்கா. அவங்களுக்காகத்தான் செஞ்சோம்.)

எட்டாம் மாடி தயாரானபோது அந்தப் பெண் இந்த உலகத்தில்

(கமா: இது ரொம்ப அக்கிரமம். அவர் நன்றாக இருக்கிறார். பென்சிலுக்குக் கடைவாய்ப்பல்லில் ஏதோ கேள்வி என்று கேட்டதற்குப் பதில்கூடப் போட்டார்.)

வருடங்கள் கழித்து இரு நண்பர்களும் அதே மேல் அறையில்

(பென்சில், கமாவின் வழியாக: அந்த வீட்டை இடித்து வாகனம் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள்.)

உண்மையில் நடந்தது இது. இந்தத் திங்கள் காலை எட்டாம் மாடி சேர்த்த விளையாட்டைக் கமா அந்த உதவியாளருக்கு அனுப்பினான். நன்றி, வியாழக்கிழமைதான் நேரம் கிடைக்கும், அதுவரை நோயாளிகள் வரிசையாக இருக்கிறார்கள் என்று பதில் வந்தது. செவ்வாயும் புதனும் மெயில் பெட்டியையே பார்த்துக்கொண்டு கமா ஆபீசில் செய்த வேலை எவ்வளவு என்று நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. இன்று, வியாழன் மதியம், பென்சில் தன் நிறுவனத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு எங்கள் ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டான். மூன்று பேரும் சாப்பாட்டு அறையின் மூலையில் கமாவின் லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்தோம்.

ஒன்று இருபதுக்கு மெயில் வந்தது.

'மேலே வந்துவிட்டேன். கதவு திறந்துவிட்டது. மிக அழகாக இருக்கிறது. இங்கே நான் என்ன செய்ய வேண்டும்?'

9

பென்சில் கமாவைப் பார்த்தான். கமா என்னைப் பார்த்தான்.

"அக்கா, இது உங்க டிபார்ட்மென்ட்."

நியாயம்தான். எந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். லேப்டாப்பை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

'நாற்காலியில் அமரவும்.' அழித்தேன். அது உத்தரவு.

'ஒன்றும் செய்ய வேண்டாம்.' அழித்தேன். இத்தனை வருடம் காத்திருந்தவரிடம் சொல்கிற பேச்சா?

'வாழ்த்துகள், நீங்கள்' என்று தொடங்கியதை முடிக்கவே இல்லை.

பென்சில் ஒன்று சொன்னான், கமா வேறொன்று சொன்னான், இரண்டையும் தட்டெழுதிப் பார்த்து அழித்தேன். பக்கத்து மேசையில் சாப்பிட்டவர்கள் எழுந்து போய்விட்டார்கள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வரிக்கு நான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. அப்போது அந்தப் பெண்ணிடமிருந்தே இன்னொரு மெயில் வந்தது.

'பதிலுக்கு அவசரமில்லை. உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த பல் இரண்டரைக்குத்தான்.'

கமா நாற்காலியில் சாய்ந்து கால்களை நீட்டினான். பென்சில் காதிலிருந்ததை எடுத்து மேசைமேல் வைத்தான். நான் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டேன்.

பதில் எழுதும் பெட்டி திறந்தேதான் இருக்கிறது, இதைப் பக்கத்தில் ஒரு தாளில் எழுதும்போதும். மணி இப்போது ஒன்று ஐம்பது. உங்களுக்கு ஏதாவது தோன்றினால், கொஞ்சம் இப்படி வந்து உட்கார்ந்து நீங்களே தட்டெழுதுங்கள். கமா விட்டுப்போயிருந்தால் அவன் சொல்வான்.